மண் மிதிக்காத பிள்ளை

குழந்தை கனக்கவில்லை.

துமீராவுக்கு அது முதலில் தெரிந்தது தோளில்தான். பிள்ளையை இடுப்பில் வைத்து, தோள் வழியாகத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அப்படியே நாள் முழுக்கத் தண்ணீர் எடுப்பதும் நெல் குத்துவதும் அந்த எரிமலை அடிவாரத்துப் பெண்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. சாயங்காலம் துணியை அவிழ்த்தால் முடிச்சு அழுந்தின இடத்தில் சிவப்பாக ஒரு தடம் இருக்கும். கிணற்றடியில் ஒருத்திக்கு ஒருத்தி அந்தத் தடத்தைக் காட்டி அலுத்துக்கொள்வார்கள். அலுப்புக்குள் பெருமை இருக்கும், அது கேட்கிறவளுக்கும் தெரியும். அன்றைக்குத் துமீரா துணியை அவிழ்த்துவிட்டுத் தோளைத் தடவிப் பார்த்தாள். ஒரு தடமும் இல்லை.

மெனூருக்கு வயது ஒன்றரை. கையில் மடிப்பு, தொடையில் மடிப்பு, கழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பார்க்கக் கொழுக்மொழுக்கென்று இருப்பாள். தூக்கினால் இலவம்பஞ்சுத் தலையணை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மூன்று மாதமாகத் துமீராதான் அவளைச் சுமக்கிறாள். முதல் மாதம் இப்படி இல்லை, அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் வாரத்தில் தோள் வலித்து எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். வலித்ததற்குச் சந்தோஷப்பட்டுக்கூட இருக்கிறாள்.

பிள்ளையின் கனம் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவள் பெற்ற மகன் ஐந்தே மாதம் இருந்தான். கடைசியில் காய்ச்சலில் விரல் தடிமனுக்குக் கையும் காலுமாக இளைத்துப் போனான். ஆனால் மூச்சு நின்ற பிறகு அவனைத் தூக்கினபோது ஒரு மூட்டை நெல்லைத் தூக்குகிற மாதிரி இருந்தது. அவனைக் குழியில் இறக்க வாங்கிக்கொண்டு போனபோது அவள் இரண்டு கையையும் நீட்டியபடியே நின்றாள், யாரோ வந்து மடக்கிவிடும் வரைக்கும். பிள்ளை தங்காத வயிறு என்று முதல் புருஷன் அவளை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். நாலு வருஷம் கழித்துப் பார்மன் பெண் கேட்டு வந்தான். தாயில்லாத பிள்ளை, தூக்கி வளர்க்க ஒரு ஆள் வேண்டும் என்றான். அவன் அவள் முகத்தைப் பார்த்ததைவிடத் தோளைப் பார்த்ததுதான் அதிகம். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. தாயில்லாத பிள்ளை என்ற சொல்லிலேயே அவள் விழுந்துவிட்டாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். மெனூர் அவளை அம்மா என்று கூப்பிட வேண்டும். மெனூரோ யாரையும் எதையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டு மெல்ல முனகுவாள். கூரையின் ஓலையையோ பலாமரக் கிளையையோ, அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி பார்ப்பாள்.

வந்த அன்றே பார்மன் இரண்டு விஷயம் சொன்னான்.

"பிள்ளை கால் மண்ணுல படக்கூடாது. பிறந்ததுலேர்ந்து அதுக்கு ஒரு சீக்கு. இடுப்புல வச்சுக்கோ, இல்லேன்னா தூளியில போடு. கீழ மட்டும் விடாதே."

"சரிங்க."

"அப்புறம், வீட்டுப் பக்கம் வைக்கோல் கொளுத்தக் கூடாது."

கூரை ஓலைக்கூரை, தீக்குப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில், ஊரெல்லாம் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிற அந்த நேரத்தில், பார்மன் மெனூரைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போவான். அங்கே நெற்குதிருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில் பரண் இருந்தது. அவள் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும், அது உத்தரவு. கொஞ்ச நேரத்தில் வைக்கோல் புகை கதவிடுக்கில் வரும். அப்புறம் தவளைச் சத்தம் நிற்கும். எல்லாத் தவளையும் ஒரே சமயத்தில். அந்த அமைதிக்குள் மிகச் சின்னதாக, பூனைக்குட்டி நக்குகிற மாதிரி, ஒரு சப்தம். திரும்பி வரும்போது மெனூரின் உதட்டோரம் வெள்ளையாக இருக்கும். வீட்டில் பசு இல்லை, ஆடு இல்லை, பால் கொடுக்கிற பெண்ணும் இல்லை.

எந்தப் பெண்ணுக்கும் முதலில் தோன்றுவதுதான் அவளுக்கும் தோன்றியது. கொல்லைக்குப் பின்னாலுள்ள மூங்கில் தோப்புக்குள் எவளோ ஒருத்தியை வைத்திருக்கிறான். வயலில் வெந்து வருகிற மனுஷன் கொல்லைக்குப் போவதற்கு முன் குளிப்பான், தலை சீவுவான், துவைத்த துணி கட்டுவான். பரணுக்குப் போகிறவனுக்கு எதற்குச் சீப்பு? இரண்டு நாள் வயிறெரிந்தாள். மூன்றாம் நாள், போகட்டும், பிள்ளைக்குப் பால் கிடைக்கிறதே என்று சும்மா இருந்துவிட்டாள். மெனூருக்கு அவள் ஊட்டின சோறு ஒரு பருக்கை இறங்கியதில்லை. மசித்த வாழைப்பழம்கூட நாக்கு தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அறுவடை முடிகிற வாரம். கிணற்றடியில் பக்கத்து வீட்டுச் சாரியெம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆறு பெற்றவள், வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவள்.

"ஏண்டி துமீரா, உன் தலை என்ன, கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கு. நாளன்னைக்கு அறுவடை விருந்து, ஊரே வரும். பார்மன் பொண்டாட்டி சீப்பு வாங்கக்கூட வக்கில்லாம இருக்கான்னு பேசுவாளுங்க."

"சீப்பை அவரு வச்சிருக்காருக்கா."

சாரியெம் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "இங்க குடு பிள்ளையை, முடியை அள்ளிக் கட்டிக்கோ" என்று மெனூரை வாங்கினாள். வாங்கினவள் சிரிப்பு அப்படியே நின்றது. பிள்ளையை ஒரு தரம் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை நனைத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்கு மண் மிதிக்கிற சடங்கு செஞ்சாச்சா?"

"தெரியலையேக்கா. உடம்புக்கு ஆகாதுன்னு அவரு கீழயே விடறதில்லை."

"ஏழாம் மாசமே செஞ்சிருக்கணும். மண்ணுக்குக் காட்டாத பிள்ளை யாருக்குச் சொந்தம்னு மண்ணுக்கு எப்படித் தெரியும்?" கொஞ்ச நேரம் துணியை அடித்தாள். அப்புறம் எப்போதும்போலப் பேச்சை மாற்றினாள். "ஒரு பிடி வைக்கோல் தரேன். கொளுத்தி, சாம்பலைத் தண்ணியில ஊற வச்சுத் தலைக்கு ஊத்திக்கோ. எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் ஓடிடும்."

"வைக்கோல் கொளுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"ஆம்பளைங்க தலை முழுகறதைப் பத்தி என்ன கண்டாங்க? அவன் வயலுக்குப் போனப்புறம் கிணத்தடியில கொளுத்து. ஒரு பிடிக்கு ஊரா எரிஞ்சிடும்?"

நியாயமான பேச்சு. அந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். அவள் அம்மாவும் அத்தைகளும் வைக்கோல் சாம்பல் தண்ணீரில் தலை முழுகியவர்கள்தான்.

நல்ல உச்சி வெயில். மெனூரைப் பலாமரக் கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, உடைந்த சட்டி ஒன்றில் வைக்கோலைப் பிரித்துப் போட்டுக் கொளுத்தினாள். குப்பென்று பிடித்தது. புகை காற்றில் கலையாமல் நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது. முதல் தடவை ஊற்றிக்கொள்ளச் சாரியெம் தன் வீட்டில் ஊற வைத்துக் கொடுத்த சாம்பல் தண்ணீர் தயாராக இருந்தது. அதை எடுத்து, குனிந்து, முடியை முன்னால் தள்ளி, கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையில் ஊற்றினாள்.

கோழிகள் கொக்கரிப்பது நின்றது.

தண்ணீர் காதோரம் வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சொட்டுகளுக்கு நடுவே அந்தச் சப்தம், சாயங்காலங்களில் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற அதே பூனைக்குட்டிச் சப்தம், இப்போது கதவில்லாமல், அவள் தலைக்கு நேர் மேலே. கூடவே ஒரு வாசனை. தாய்ப்பால் வாசனை. அதை மறக்கிறவள் உண்டா? அதனடியில் இன்னொன்று. மட்கின நெல், எலிப் புழுக்கை, வெகுநாள் திறக்காத குதிர். பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. கிணற்றுத் தண்ணீர் குளிரும். இது வெதுவெதுப்பாக இருந்தது. இன்னொரு சொட்டு. அது முதுகில் மெல்ல இறங்கியது. தண்ணீர் அவ்வளவு மெதுவாக இறங்காது.

கண்ணைத் திறந்தாள். சாம்பல் எரிந்தது. எரிச்சலில் எல்லாம் கலங்கித் தெரிந்தது. மரம் தெரிந்தது. கிளை தெரிந்தது.

கிளையிலிருந்து தொங்க வேண்டிய தூளி மேல் நோக்கி நின்றது.

கயிறு இரண்டும் விறைத்திருந்தன. துணி உப்பியிருந்தது. அதற்கு மேலே இலைகளுக்குள் மெனூரின் இரண்டு குதிகால்கள், வெள்ளையாக, நடுக்கமில்லாமல்.

துமீரா கத்தவில்லை. குடத்தோடு தண்ணீரைச் சட்டியில் கவிழ்த்தாள். நெருப்பு சீறி அணைந்தது. புகை அறுந்தது. தூளி தொப்பென்று இறங்கி ஆடியது. ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளினாள். மெனூர் உதட்டில் பால் நுரையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நேற்றைவிடக் கனம் குறைந்திருந்தாள். தூளிக்குள் துணி ஒன்று கிடந்தது. வெங்காயத் தோலைப்போல மெல்லிசு. அதன் ஓரம் முழுக்க எலி கடித்த தடம்.

பார்மன் வெயில் தாழ்ந்து வந்தான். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினான்.

"வைக்கோல் கொளுத்தினியா?"

அடிக்கப்போகிறான் என்று அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அவன் அடிக்கவில்லை. அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரி கேட்டான்.

"பாத்தியா அவளை? பகல் வெளிச்சத்துல எப்படி இருந்தா? ரொம்ப மெலிஞ்சிருக்காளா?"

துமீரா பிள்ளையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள். அந்தத் துணித்துண்டை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

"யாரு அவ?"

அவன் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அப்புறம் படியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"மலைச் சுனையில குளிக்க ஏழு பேரு வந்தாங்க. மேலேர்ந்து வந்தவங்க. கரையில கிடந்ததுல ஒரு மேலாடையை நான் எடுத்து ஒளிச்சுட்டேன். ஆறு பேரு போயிட்டாங்க. அவ போக முடியலை. அழுதுக்கிட்டு நின்னா. ஒண்ணும் தெரியாத மாதிரி போய், என் துணியைக் குடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்."

"நல்ல மனுஷன்."

"ஒரே ஒரு நெற்கதிரைப் பானையில போட்டு மூடி வைப்பா. பானை நெறயச் சோறு பொங்கும். மூடியைத் தொறந்து பாக்காதீங்கன்னு மட்டும் சொன்னா. நான் தொறந்தேன். அன்னையிலேர்ந்து அவளும் மத்தவங்களாட்டம் நெல் குத்தித்தான் பொங்கணும்னு ஆச்சு. குதிர்ல நெல்லு குறைஞ்சுது. குறையக் குறைய அடி தெரிஞ்சுது. அடியிலதான் அந்த மேலாடையை வச்சிருந்தேன்."

"எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

"போனா." அவன் குரல் உடைந்தது. "மூணு வருஷம் எலி கடிச்ச துணி, துமீரா... தென்னை உசரம் வரைக்கும்தான் தூக்கிச்சு. அதுக்கு மேல போகலை. கீழ இறங்கவும் முடியலை. அங்கயே நிக்கறா. புகை போட்டா மட்டும் அதைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி வந்து பால் குடுப்பா. பிள்ளை கால் மண்ணுல பட்டுட்டா அது மண்ணோட பிள்ளை, அப்புறம் என்னால வர முடியாதுன்னு சொன்னா."

மெனூர் துமீராவின் தோளில் தலையை வைத்து மேலே பார்த்து முனகிக்கொண்டிருந்தாள். அது பாட்டு என்று துமீராவுக்கு இப்போதுதான் புரிந்தது. யாரோ தினமும் பாடிக் கேட்ட பாட்டு.

"அந்தப் பாலைக் குடிக்கக் குடிக்கப் பிள்ளை கனம் குறையுதே. நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்."

"பின்ன?"

அவன் படியில் ஒட்டின மண்ணை நகத்தால் சுரண்டினான்.

"பின்ன ஏன் தினம் கொண்டுபோய் வைக்கறீங்க?"

"புகை அடங்கற வரைக்கும்," என்றான் பார்மன், "நான் கீழ நின்னு அவளைப் பாக்கலாம்."

துமீரா அவனை வெறுக்கத்தான் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தால் அதுவும் முடியவில்லை. தூண்டில் முள்ளில் புழுவைக் குத்துகிற எவனும் இவ்வளவு அழமாட்டான். புழுவுக்கு அதனால் என்ன வந்தது?

"பொண்ணு பாக்க வந்தப்போ நீங்க என் தோளைத்தானே பாத்தீங்க," என்றாள்.

அவன் அந்தத் துணித்துண்டை மடித்து மடியில் செருகிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அவள் பிள்ளையைத் தரவில்லை. அறைக் கதவுக்குக் குறுக்கே நெல் குத்துகிற உரலை உருட்டி வைத்துக்கொண்டாள். அவன் தட்டவும் இல்லை. வெளியிலிருந்து மெதுவாக, "நாளைக்கு ஊர் முழுக்க வயலைக் கொளுத்துவாங்க," என்றான். மிரட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். திருவிழாவைச் சொல்கிற குரலில் சொன்னான்.

மறுநாள் விடிந்ததும் வேலி ஓரமாய்ப் போய்ச் சாரியெமைக் கூப்பிட்டாள்.

"அக்கா, மண் மிதிக்கிற சடங்கை யாரு செய்யணும்?"

"பெத்தவ."

"பெத்தவ இல்லைன்னா?"

சாரியெம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றைக்கு அவளும் கேலி பேசவில்லை. "தோள் தேய்ஞ்சவ செய்யட்டும். ஏழு கட்டி ஒட்டரிசிச் சோறு, ஏழு நிறம். ஒவ்வொண்ணுலயும் பிள்ளை கால் பதியணும். பதிஞ்சாத்தான் அடுத்தது. கடைசியில வெறும் மண்ணு. எங்க எல்லாரையும் கூப்பிடு, வந்து நிக்கறோம்."

"நேரம் இல்லைக்கா. இன்னைக்கே செய்யணும்."

"இன்னைக்கு ஊரே வயல்ல நிக்குமே."

"தெரியும்."

சோறு வேகவே மதியமாகிவிட்டது, ஏழுக்கும் நிறம் ஏற்றி முடிக்கையில் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. மஞ்சளில் ஒன்று, சங்குப்பூவில் நீலம் ஒன்று, பனைவெல்லத்தில் பழுப்பு, இலைச்சாற்றில் பச்சை, வெற்றிலை மென்று துப்பின சிவப்பு, கரியைப் பொடித்துக் கருப்பு, ஒன்று வெள்ளை. வாசலில் வாழை இலையை விரித்து ஏழையும் வரிசையாக வைத்தாள். தன் மகனைச் சுமந்த பழைய துணியை எடுத்து, ஒரு முனையை மெனூரின் இடுப்பிலும் மறுமுனையைத் தன் தோள் வழியாகவும் கட்டினாள். ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள், முடிச்சை லேசாகவா போடுவாள்?

வெள்ளைக் கட்டியின் மேல் பிள்ளையை நிறுத்தினாள். கையை எடுத்தாள். கால் சோற்றில் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒட்டரிசிச் சோறு ஈ உட்கார்ந்தாலும் பள்ளம் காட்டும். இது காட்டவில்லை. குனிந்து பார்த்தாள். பாதத்துக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு விரல்கடை வெளிச்சம்.

உள்ளே ஓடி மிளகாய் அரைக்கிற கல்லை எடுத்துவந்து பிள்ளையின் இடுப்புத் துணியில் சொருகினாள். கால் இறங்கியது. மெனூர் திடுக்கிட்டாள். வெள்ளையில் லேசாக ஒரு வளைவு. போதும். அடுத்தது மஞ்சள். மஞ்சளில் குதிகால் மட்டும். "வா கண்ணு. வா. இன்னொண்ணு. இதோ பாரு நீலம்." நீலத்தில் பாதி. பச்சையில் பாதிக்கு மேல். வியர்வை கண்ணில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. சிவப்பில் பாதம் முழுசாகப் பதிந்தபோது மெனூர் ஒரு காரியம் செய்தாள். பிறந்ததிலிருந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை குனிந்து தன் காலைப் பார்த்தாள். விரல்களுக்கு நடுவே பிதுங்கிய சோற்றைப் பார்த்துச் சிரித்தாள்.

துமீராவுக்கு அழுகை வந்துவிட்டது. நாலு வருஷத்தில் அவள் சந்தோஷத்துக்கு அழுதது அதுதான் முதல் தடவை.

கருப்பு. ஐந்து விரலும் விழுந்தன. கடைசிக் கட்டி பழுப்பு. அழுத்தமான, ஈரமான, அழகான ஒரு பாதம். இனி மண்தான். ஒரு முழம்கூட இல்லை. இலையின் விளிம்பைத் தாண்டினால் மண்.

மேற்கேயிருந்து புகை வாசனை வந்தது.

முதல் வயலைக் கொளுத்திவிட்டார்கள். அப்புறம் அடுத்தது. அடிவாரம் முழுக்கப் படிப்படியாக இறங்குகிற வயல்கள் ஒவ்வொன்றாகப் பிடிக்க, புகை ஊரைச் சுற்றி எழுந்து, கலையாமல், வளையாமல், நூறு நூலாக மேலே போனது. கோழிகள் அடங்கின. நாய்கள் அடங்கின. வயலில் சிரித்துக்கொண்டிருந்தவர்களின் குரல் யாரோ கதவைச் சாத்தின மாதிரி தூரமாகப் போனது.

பார்மன் வேலியைத் தாண்டி வந்தான். குளித்திருந்தான். தலை சீவியிருந்தான். தலையில் ஒரு பெரிய கட்டு வைக்கோல். அதை வாசல் நடுவில் இறக்கினான்.

"வேண்டாங்க," என்றாள் துமீரா. "இன்னும் ஒரு அடி. மண்ணுல கால் வச்சுட்டா போதும். உங்க பிள்ளைங்க இது."

"ஒரு தடவை," என்றான் அவன். "ஒரே ஒரு தடவை, துமீரா. கிட்டத்துல பாத்துக்கறேன். என் கண்ணு இல்ல..."

கண்ணு என்று அவன் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நெருப்பு பிடித்தது.

அவள் பிள்ளையை மண்ணை நோக்கி அழுத்தினாள். அழுத்த முடியவில்லை. தண்ணீருக்குள் சுரைக்காயை அமுக்குகிற மாதிரி, பிள்ளை அவள் கைக்கு எதிராக எழும்பியது. பெருவிரல் மண்ணுக்கு மேலே நின்றது. ஒரு நெல் இடைவெளி. அரை நெல்.

கல் நழுவியது.

தொம்மென்று மண்ணில் விழுந்தது. மெனூர் அவள் கையை விட்டுப் போனாள். இடுப்பு உயரம். தலை உயரம். துணி விறைத்தது. பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள்.

பால் வாசனை.

மட்கின நெல்.

ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. இன்னொன்று உதட்டில். வெதுவெதுப்பு.

பார்க்கக் கூடாது. பார்த்தாள்.

புகையில் ஒரு மேலாடை. ஓட்டை ஓட்டையாக. ஒவ்வொரு ஓட்டையிலும் சாயங்கால வானம். அதற்குள்ளிருந்து இரண்டு கைகள் கீழ்நோக்கி நீண்டிருந்தன. எலும்பும் தோலுமான கைகள். விரல்கள் விரிந்து, உள்ளங்கை மேல் பார்த்து, யாராவது வந்து மடக்கிவிடும்வரை நீட்டியே இருக்கிற கைகள். அந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழி ஓரத்தில் அவை அவளிடம் இருந்தன. பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்து தென்னை உயரத்தில், போகவும் வழியில்லாமல் வரவும் வழியில்லாமல், பிள்ளையைத் தன்னோடு நிற்க வைக்க வந்திருந்தது. அங்கே வீடு இல்லை. சோறு இல்லை. மேலுலகமும் இல்லை.

"குடுத்துடும்மா," என்று துமீரா அந்தக் கைகளைப் பார்த்துச் சொன்னாள். "அங்க கொண்டுபோகாதே. உனக்கே அங்க இடமில்லையே."

மெனூர் அந்தக் கைகளுக்குள் இருந்தாள். அவள் மேலே பார்க்கவில்லை. சோறு ஒட்டின கால்களை உதைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"அம்மா," என்றாள்.

கீழே பார்த்துத்தான் சொன்னாள்.

"அம்மா. அம்மா."

துமீரா துணியை மணிக்கட்டில் சுற்றினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. தோளில் முடிச்சு அழுந்தியது. இத்தனை நாள் அழுந்தாத முடிச்சு சதையில் இறங்கியது. எலும்பில் இறங்கியது. தடம் விழும். நன்றாக விழும். கனம் வந்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்தாள். அப்புறம்தான் அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்தது.

துமீராவின் குதிகால் எழும்பியது. விரல் நுனி மண்ணைத் தேடியது.

மண் இல்லை.

வேலி கீழே போனது. கூரை கீழே போனது. பலாமரத்தின் உச்சி, பழுத்த இலைகள், கீழே போயின. முடிச்சை அவிழ்க்கலாம். ஒரு முடிச்சை. அதற்கு மேலிருக்கிற இன்னொரு முடிச்சை. கை அங்கே போகவே இல்லை.

கீழே பார்த்தாள். வாசலில் ஏழு கட்டிகளும் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. ஒரு கோழி பழுப்புக் கட்டியைக் கொத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் பார்மன் அண்ணாந்து நின்றான். சீவின தலை, கன்னமெல்லாம் ஈரம், கல்யாணத்தன்று அவள் அவனிடம் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போன அந்தச் சிரிப்பு. அவன் கண்கள் துமீராவைத் தாண்டி, பிள்ளையைத் தாண்டி, மேலே போயின. பார்வையை எடுக்காமலேயே குனிந்து, கையால் தடவி, இன்னொரு பிடி வைக்கோலைப் பிரித்து நெருப்பில் போட்டான்.